வெள்ளத்தில் நனைந்த சரக்கு: ஹார்னஸ் தயாரிக்கும் குடும்பப் பட்டறை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

எதைப் பற்றியது

உயரத்தில் வேலை செய்பவர்கள் உடம்பில் மாட்டிக்கொள்ளும் பாதுகாப்பு ஹார்னஸைத் தயாரிக்கும் சென்னைக் குடும்பம் ஒன்று, 2015 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்த தன் சரக்கை என்ன செய்தது, ஏன் செய்தது, அதில் எது கைகூடியது, எது கைகூடவில்லை என்பதே இந்தப் பதிவு. அந்த முடிவு திடீரென்று வந்ததில்லை. அதற்கு முன்பே இரண்டு முறை, நன்றாக விற்றுக்கொண்டிருந்த பொருளைக் குடும்பம் தானாகவே நிறுத்தியிருக்கிறது. அதனால் கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

குடும்பத்தின் பெயர், பட்டறையின் பெயர், கடைகளின் பெயர் எதையும் குறிப்பிடவில்லை. கட்டுமானத் தளங்களில் பாதுகாப்புப் பணி செய்பவன் என்ற முறையில் இந்தப் பட்டறையின் ஹார்னஸ்களை வாங்கியிருக்கிறேன். இவர்களுடைய பதிவேடுகளையும் உட்கார்ந்து படித்திருக்கிறேன்.

பின்னணி: சேணத்திலிருந்து பெல்ட்டுக்கு

தாத்தா பெரியமேட்டில் ஜட்கா வண்டிகளுக்குச் சேணமும் கடிவாளமும் தைத்தவர். ஆவாரம்பட்டையில் பதனிட்ட எருமைத்தோல், குத்தூசி, தேன்மெழுகு தடவிய நூல் ஆகியவைதான் அவருடைய மூலதனம். ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளை வழியாக இரு பக்கமிருந்தும் இழுத்துத் தைப்பார். இந்தத் தையலில் ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் பக்கத்துத் தையல் சட்டென்று பிரியாது. வண்டியில் பூட்டிய குதிரை மிரண்டு திமிறினால் வார் தாங்க வேண்டும் என்பதற்காகவே வந்த தையல் இது.

1957இல் மெட்ராஸ் மாநில மின்சார வாரியம் அமைந்தது. கிராமம் கிராமமாகக் கம்பம் நட்டுக்கொண்டிருந்த காலம். ஜட்காக்கள் குறையத் தொடங்கிய நேரத்தில், மின் ஒப்பந்தக்காரர் ஒருவர் தேய்ந்துபோன வெளிநாட்டு லைன்மேன் பெல்ட் ஒன்றைக் கொண்டுவந்து, இதே மாதிரி தைக்க முடியுமா என்று கேட்டார். தாத்தா அதைப் பிரித்துப் போட்டு, ஒவ்வொரு வாரின் அகலத்தையும் காகிதத்தில் வரைந்துகொண்டு, அப்புறம் புதிதாகத் தைத்தார். குடும்பம் இந்தத் தொழிலுக்குள் வந்தது அப்படித்தான்.

முதல் நிறுத்தம்: தோல்

அப்பா காலத்தில் பழுது பார்க்க வந்த பெல்ட்டுகளில் ஒன்றைப் பற்றிப் பட்டறையில் இன்னமும் பேசுகிறார்கள். வெளியே பார்த்தால் பாலிஷ் போட்டுப் பளபளவென்று இருந்தது. டி-ரிங் (கொக்கி மாட்டும் டி வடிவ உலோக வளையம்) இருக்கும் இடத்தில் வாரைப் பின்பக்கமாக மடக்கியபோது, உள்ளே குறுக்காக வெடிப்பு தெரிந்தது. வியர்வையும் மழையும் வெயிலும் மாறி மாறிப் பட்டுத் தோலின் எண்ணெய்ப்பசை போய்விட்டிருந்தது. மேலே தடவிய பாலிஷ் வெடிப்பை மறைத்ததோடு சரி.

தோலில் இதுதான் சங்கடம். ஒரே மாட்டின் தோலிலேயே முதுகுப் பக்கம் ஒரு பலம், வயிற்றுப் பக்கம் ஒரு பலம். ஒரு பெல்ட்டை இழுத்துப் பார்த்து இன்னொரு பெல்ட்டுக்கு உறுதி கொடுக்க முடியாது. 1980களில் அப்பா தோலைக் கைவிட்டு நைலான் நாடாவுக்கும், பின்னர் பாலியஸ்டர் நாடாவுக்கும் மாறினார். நைலானுக்கு அமிலம் ஆகாது, ஈரத்தில் பலமும் சற்றுக் குறையும். பாலியஸ்டர் வெயிலை நைலானைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் கடுமையான காரம் அதற்குப் பகை. ஈர சிமென்ட் ஒட்டிக்கொண்ட பெல்ட்டை உடனே கழுவச் சொல்வது அதற்காகவும்தான்.

நாடா வாங்குவதில் ஓர் எளிய பழக்கம் அப்போது தொடங்கி இன்றுவரை தொடர்கிறது. புது ரோல் வந்ததும் அத்தை நுனியில் ஒரு விரல் நீளம் வெட்டி, தண்ணீர் நிரம்பிய டம்ளரில் போட்டு விரலால் அமுக்கிக் காற்றுக்குமிழிகளை வெளியேற்றுவார். பாலியஸ்டர் என்றால் மூழ்கும். விலை குறைந்த பாலிப்ரொப்பிலீனைக் கலந்து தள்ளியிருந்தால் மிதக்கும். நிறமும் நெசவும் ஒன்றுபோல இருக்கும் இரண்டு நாடாக்களை ஆய்வகம் போகாமலே பிரித்துவிடலாம். இது பலத்தைச் சொல்லாது, பொருள் எது என்பதை மட்டும் சொல்லும். பலத்துக்கு இழுவைச் சோதனை தனியே உண்டு.

இரண்டாவது நிறுத்தம்: இடுப்பு பெல்ட்

மகள் டெக்ஸ்டைல் படித்துவிட்டு 2000களில் தொழிலுக்குள் வந்தார். அப்போது பட்டறையின் வருமானத்தில் பெரும்பகுதி இடுப்பு பெல்ட்டில் இருந்தது. மலிவு, மாட்டுவது சுலபம், கடைக்காரர்கள் கேட்பதும் அதைத்தான். கட்டுமானத் தொழிலாளர்களுக்கான 1996ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகு விற்பனை கூடித்தான் இருந்தது.

கம்பத்தில் சாய்ந்து நின்று வேலை செய்ய இடுப்பு பெல்ட் நல்ல கருவி. விழுபவரைப் பிடித்து நிறுத்த அது உதவாது. விழும்போது வரும் அதிர்ச்சி முழுவதும் வயிற்றிலும் முதுகுத்தண்டிலும் இறங்குகிறது. உடல் இரண்டாக மடிகிறது, சில சமயம் ஆள் பெல்ட்டிலிருந்தே நழுவிவிடுகிறார். அமெரிக்கா 1998 ஜனவரி 1 முதல் விழுகையைத் தடுக்கும் சாதனமாக இடுப்பு பெல்ட்டைப் பயன்படுத்துவதைத் தடை செய்துவிட்டது. முழுவுடல் ஹார்னஸில் விசை தொடை, இடுப்பெலும்பு, தோள் என்று பிரிந்து போகிறது.

அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. "கேக்கறவனுக்குக் குடுக்கறோம், நாம குடுக்கலன்னா பக்கத்துக் கடைக்காரன் குடுப்பான்" என்பது அவர் வாதம். மகள் வாதாடவில்லை. பட்டறையின் உத்திரத்தில் கயிறு கட்டி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், தையல் மாஸ்டரை இடுப்பு பெல்ட்டோடு தொங்கவிட்டார். பெல்ட் மேலேறி விலா எலும்புக்கு அடியில் இறுகியது. சில நொடிகளிலேயே மாஸ்டர், "போதும்மா, எறக்கு, மூச்சு முட்டுது" என்றார். பிறகு முழுவுடல் ஹார்னஸை மாட்டித் தொங்கவிட்டார்கள். வசதியாக இல்லை, ஆனால் பேச முடிந்தது. அப்பா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த ஆண்டிலிருந்து விழுகைத் தடுப்புக்கென்று இடுப்பு பெல்ட் விற்பதில்லை என்று முடிவானது. கம்ப வேலைக்கான பெல்ட்டை முழுவுடல் ஹார்னஸோடு சேர்த்தே கொடுப்பது என்றும் வைத்துக்கொண்டார்கள். பல கடைகள் விலகின. சில ஆண்டுகள் தொழில் தள்ளாடியது. பழைய மாமல்லபுரம் சாலையில் எழுந்த கட்டடங்களும், 2009இல் தொடங்கிய மெட்ரோ வேலையும்தான் மீட்டுக்கொடுத்தன. பெரிய தளங்களின் ஒப்பந்தங்களில் முழுவுடல் ஹார்னஸ் நிபந்தனையாகவே வரத் தொடங்கியிருந்தது. இடம் போதாமல் பட்டறை பெரியமேட்டிலிருந்து ஈக்காட்டுத்தாங்கலுக்கு மாறியதும் அந்தக் காலத்தில்தான்.

2015 டிசம்பர்

டிசம்பர் 1 இரவு அடையாற்றில் வெள்ளம் பெருகியது. ஈக்காட்டுத்தாங்கலில் தரைத்தளம் மூழ்கியது. நாடா ரோல்கள், தைத்து முடித்து அனுப்பக் காத்திருந்த ஹார்னஸ்கள், கொக்கிப் பெட்டிகள், வார்கள் சேரும் இடத்தை நெருக்கமாகத் தைத்துப் பலப்படுத்தும் பார்டேக் மெஷின்கள் எல்லாமே தரைத்தளத்தில் இருந்தன. மேல் மாடியில் அலுவலகமும் பதிவேடுகளும் மட்டும். தண்ணீர் வடிந்து, மின்சாரம் வந்து, உள்ளே நுழைய முடிந்தபோது சுவரில் ஆளுயரத்துக்குச் சேற்றுக் கோடு.

முதலில் பார்த்தபோது சேதம் அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை. பாலியஸ்டர் தண்ணீரில் நனைந்தால் கெடாது. அலசி நிழலில் உலர்த்தினால் புதிதுபோலவே ஆகிவிடும். சில ஹார்னஸ்களை அப்படி அலசியும் பார்த்தார்கள். கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. மகள் ஐந்து உருப்படிகளை எடுத்து வெளி ஆய்வகத்துக்கு அனுப்பினார்.

காப்பீட்டுக் கணக்கெடுப்பாளரும் வந்தார். "துணிதானே, துவைச்சா போச்சு" என்று சொல்லி, சரக்கை மீண்டும் விற்கக்கூடியதாகக் கணக்கில் எடுத்துக்கொண்டு, அந்தத் தொகையைக் கழித்தே இழப்பீட்டை மதிப்பிட்டார்.

என்ன கவனித்தார்கள்

மூன்று விஷயங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியவந்தன.

ஷாக் அப்சார்பர்தான் முதலில். ஹார்னஸைக் கட்டடத்தோடு இணைக்கும் வாரான லேன்யார்டில் சிறு பொட்டலம்போல இருக்கும் பகுதி இது. ஆள் விழும்போது உள்ளே மடித்து நெய்த நாடா கிழிந்து நீண்டு, உடம்பில் வரும் விசையைக் குறைக்கிறது. ஐரோப்பியத் தரநிலை ஈஎன் 355, அந்த விசை 6 கிலோநியூட்டனைத் தாண்டக்கூடாது, பொட்டலம் நீள்வதும் 1.75 மீட்டரைத் தாண்டக்கூடாது என்கிறது. அதாவது அது மிகவும் இறுக்கமாகவும் இருக்கக்கூடாது, மிகவும் தளர்ச்சியாகவும் இருக்கக்கூடாது. மாஸ்டர் ஒன்றின் மேலுறையைக் கத்தியால் கீறி மடிப்பைப் பிரித்தார். உள்ளே மடிப்புக்கு மடிப்பு வண்டல். காய்ந்து மாவுபோல ஆகியிருந்தது. மேலுறையில் ஒரு கறையும் இல்லை. அந்த மண் கிழியும் விசையைக் கூட்டுமா, குறைக்குமா என்று சொல்ல முடியாது. அது எவற்றுக்குள் போயிருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் ஒவ்வொன்றையும் கீற வேண்டும். கீறினால் அது வீண்.

அடுத்தது கொக்கிகள். வாயை மூடவைக்கும் சுருள்வில்லில் துரு. பத்தில் ஒன்றிரண்டு முழுதாக மூடாமல் நின்றன.

மூன்றாவது தண்ணீரே. பக்கத்துத் தெருவில் முலாம் பூசும் பட்டறை, அதற்கடுத்து எண்ணெய் டிரம் வைத்திருந்த கிடங்கு. வந்தது வெறும் ஆற்றுத் தண்ணீர் இல்லை. எந்த மூலையில் இருந்த ரோல் எதில் ஊறியது என்று யாருக்கும் தெரியாது.

இதற்கிடையில் ஆய்வக முடிவு வந்தது. ஐந்தும் தேறியிருந்தன. முழுவுடல் ஹார்னஸுக்கான ஐரோப்பியத் தரநிலை ஈஎன் 361 கேட்கும் 15 கிலோநியூட்டன், ஏறக்குறைய ஒன்றரை டன் எடைக்குச் சமமான இழுவை, மூன்று நிமிடம் தாங்கியிருந்தன.

முடிவும் காரணமும்

வீட்டில் இரண்டு நாள் சாப்பாடுகூடச் சரியாக இறங்கவில்லை என்று அத்தை சொன்னார். அப்பா கேட்டது நியாயமான கேள்விதான்: "சாம்பிள் பாஸாயிடுச்சில்ல? அப்புறம் என்ன?"

மகள் சொன்ன பதில் பதிவேட்டிலும் எழுதப்பட்டிருக்கிறது: "அஞ்சு பீஸ் பாஸாச்சுப்பா. மீதி எந்தத் தண்ணில ஊறிச்சுன்னு நமக்குத் தெரியாதே."

இந்தத் தொழிலின் முடிச்சே இங்குதான் இருக்கிறது. ஹார்னஸை உடைத்துத்தான் முழுதாகச் சோதிக்க முடியும். சோதித்ததை விற்க முடியாது, விற்றதை யாரும் சோதித்ததில்லை. ஒரே நூலில், ஒரே தறியில், ஒரே அமைப்பில் நெய்த நாடா என்பதால்தான் ஒரு துண்டின் முடிவை மற்றவற்றுக்கும் பொருத்துகிறோம். வெள்ளம் அந்த ஒருமையை உடைத்துவிட்டது. பதிவேட்டில் ஒரே தொகுதி எண் இருந்தாலும், ஒவ்வொரு உருப்படியும் வேறு வேறு தண்ணீரில், வேறு வேறு நேரம் ஊறியது. ஐந்து தேறியது அந்த ஐந்தைப் பற்றித்தான் சொல்கிறது. எனக்குத் தெரிந்து பல பெரிய நிறுவனங்களின் தர அதிகாரிகளே இந்த இடத்தில் சறுக்குவார்கள். சோதனைச் சான்றிதழ் கையில் இருந்தால் மனசு சமாதானமாகிவிடும். இந்தப் பெண் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டே வேண்டாம் என்றார்.

அறியாத ரசாயனம் பட்ட ஹார்னஸைப் பயன்பாட்டிலிருந்து விலக்க வேண்டும் என்று இவர்களே ஒவ்வொரு பொருளோடும் சீட்டு வைத்து அனுப்புகிறார்கள். வாங்கியவருக்கு ஒரு விதி, தைத்தவருக்கு ஒரு விதி இருக்க முடியாது என்று அப்பாவே கடைசியில் சொன்னார். நனைந்த சரக்கு முழுவதையும் அழிப்பது என்று முடிவானது.

அழிப்பதிலும் ஒரு சிக்கல் வந்தது. காயலான் கடைக்காரர் முழு ஹார்னஸாகக் கொடுத்தால் கூடுதல் விலை தருவதாகச் சொன்னார். எதற்கு என்று கேட்கத் தேவையில்லை. துவைத்துப் புது கவரில் போட்டால் நடைபாதைக் கடையில் விலை போகும். அதனால் ஒவ்வொரு ஹார்னஸையும் தோள்வார், தொடைவார், முதுகு டி-ரிங்குக்கு மேல் என்று மூன்று இடத்தில் குறுக்காக வெட்டினார்கள். கொக்கிகளின் வாயை அறுத்தார்கள். தைத்த அதே பெண்கள்தான் உட்கார்ந்து வெட்டினார்கள். எண் எண்ணாகப் பதிவேட்டில் சிவப்பு மையில் கோடு போடப்பட்டது. காப்பீட்டில் கழிக்கப்பட்ட தொகை திரும்ப வரவில்லை. வங்கிக் கடனுக்கு மேல் இன்னொரு கடன் ஏறியது.

கடைகளில் இருந்த சரக்கு

பட்டறைக்குள் இருந்தது கணக்கில் வந்துவிட்டது. ஆனால் நவம்பரில் அனுப்பிய சரக்கு நகரத்துக் கடைகளில் இருந்தது. அந்தக் கடைகளின் கிடங்குகளிலும் தண்ணீர் ஏறியிருக்கும் என்பது ஒரு வாரம் கழித்துத்தான் மகளுக்கு உறைத்தது. ஒவ்வொரு கடையாகப் போன் செய்து, நனைந்தது எதுவாக இருந்தாலும் பணம் திருப்பித் தருகிறோம் என்றார்கள். பெரும்பாலான கடைக்காரர்கள் கொடுத்துவிட்டார்கள். ஒருவர் மட்டும், தன் சரக்கு மேல்தட்டில் இருந்தது, நனையவே இல்லை, எல்லாம் விற்றுவிட்டது என்றார். யாருக்கு விற்றது என்று கேட்டால் பில் இல்லை. பட்டறையின் பதிவேடு அந்தக் கடை வாசலோடு முடிந்துபோனது.

பின்னர் நடந்தது

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து கிடந்தன. மின் வேலைக்கு ஆட்கள் வெளியூரிலிருந்தெல்லாம் வந்தார்கள். ஹார்னஸுக்குத் தட்டுப்பாடு. இருப்பதை எல்லாம் கொடுங்கள் என்று ஒப்பந்தக்காரர்கள் பட்டறை வாசலில் நின்றார்கள்.

அப்படி வந்த ஒருவர், தங்களிடம் இருக்கும் பழைய ஒன்றைக் காட்டி இதே மாதிரி வேண்டும் என்றார். சீட்டில் இருந்த எண் 2015 அக்டோபர் தொகுதி. மாஸ்டர் லேன்யார்டை வாங்கி ஷாக் அப்சார்பரை விரல்களுக்கு நடுவே நசுக்கினார். உள்ளே நறநறவென்று மண். மேல்தட்டில் இருந்து நனையவே இல்லை என்று சொல்லப்பட்ட சரக்கில் ஒன்று அது. ஓராண்டாக யார் யாரோ அதை மாட்டிக்கொண்டு கம்பம் ஏறியிருக்கிறார்கள். யாரும் விழவில்லை என்பதால்தான் அது தெரியாமல் இருந்தது. புதிதாக ஒன்றைக் கொடுத்து அதை வாங்கி அங்கேயே வெட்டினார்கள். அதே தொகுதியில் கணக்கில் வராத மற்றவை இன்றுவரை கிடைக்கவில்லை.

மூன்றாண்டு கழித்து வேறொரு செய்தி வந்தது. ஒரு தளத்தில் சாரத்திலிருந்து விழுந்தவரை இவர்களுடைய ஹார்னஸ் பிடித்து நிறுத்தியது. அசைவில்லாமல் தொங்கினால் காலில் ரத்தம் தேங்கி உயிருக்கே ஆபத்தாகும். ஆனால் தளத்தில் மீட்பு ஏற்பாடு இருந்ததால் ஆளைச் சீக்கிரமே இறக்கிவிட்டார்கள். தள மேலாளர் ஹார்னஸைத் திருப்பி அனுப்பி, துவைத்துத் தர முடியுமா என்று கேட்டார். ஒருமுறை விழுகையைத் தாங்கியதை மீண்டும் பயன்படுத்தக்கூடாது என்று எழுதி, புதியது அனுப்பினார்கள். எண்ணை வைத்து எந்த ரோல், எந்த நூல், யார் தைத்தது, அந்த ரோலின் இழுவைச் சோதனை எவ்வளவு என்று தேடி எடுத்து அந்தத் தளத்துக்குக் கடிதமாகவும் கொடுத்தார்கள். அந்த நிறுவனம் பிறகு மற்றத் தளங்களுக்கும் இங்கேயே வாங்கத் தொடங்கியது. கடன் அடைந்தது அதற்கும் பிறகுதான்.

மாற்றியதும் மாற்ற வேண்டியதும்

நாடா ரோல்களும் தைத்த சரக்கும் இப்போது மாடியில். கனமான மெஷின்கள் மட்டும் கீழே. ஈஎன் 361 கேட்பதுபோல நாடாவின் நிறத்துக்கு மாறான நிறத்தில் நூல் போட்டுத் தைப்பதை முன்பே செய்துவந்தார்கள். அறுந்த தையல் அப்போதுதான் கண்ணில் படும். இப்போது ஷாக் அப்சார்பருக்கும் உள்ளே தெரியும்படியான கண்ணாடி மேலுறை வந்திருக்கிறது.

சீட்டில் தமிழோடு இந்தியும் படங்களும் சேர்ந்திருக்கின்றன, ஏறுபவர்களில் பலர் வடமாநிலத்தவர் என்பதால். லேன்யார்டைக் கால் மட்டத்தில் கட்டினால் கீழே ஏழு மீட்டராவது வெறுமையாக இருக்க வேண்டும் என்ற படம் அதில் பெரிதாக இருக்கிறது. இரண்டு மீட்டர் லேன்யார்டை முதல் மாடியில் காலடியில் கட்டிக்கொண்டு நிம்மதியாக வேலை செய்பவர்களை நான் வாரம்தோறும் பார்க்கிறேன். அந்த உயரத்தில் ஷாக் அப்சார்பர் நீண்டு முடிவதற்குள் தரை வந்துவிடும்.

கடைக்காரர்களோடு ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்கள்: எந்த எண் யாருக்குப் போனது என்று எழுதி வைக்க வேண்டும், மாதம் ஒருமுறை அந்தத் தாளை அனுப்ப வேண்டும். பாதிப் பேர் ஒழுங்காக அனுப்புகிறார்கள். என் பார்வையில் இது போதாது. வாங்கும் தளமும் தன் பக்கத்தில் ஏடு வைத்து, ஹார்னஸ் வந்த அன்றே எண்ணைப் பட்டறைக்குத் தெரிவிக்க வேண்டும். கடை நடுவில் விட்டாலும் சங்கிலி அறாது. நான் வேலை செய்யும் தளத்தில் இதைத் தொடங்கிவிட்டோம். மற்றத் தளங்களின் வாங்கல் பிரிவுகளிடம் கேட்டால், பேனாவுக்கும் பேப்பருக்கும் ஆள் வேண்டும் என்கிறார்கள். நனையவில்லை என்று சொன்ன அந்தக் கடைக்காரர் நிபந்தனையில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ரொக்கம் கொடுத்தாலும் அவருக்குச் சரக்குப் போவதில்லை.